"பையனுக்கா, பொண்ணுக்கா?": குழந்தைகள் சாப்பாட்டுப் பெட்டியில் வரும் பொம்மை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு பர்கர் கடையில் குழந்தைக்கான சாப்பாட்டுப் பெட்டி வாங்கினால் உள்ளே பெரும்பாலும் நான்கு சாமான்கள் இருக்கும். பர்கர் அல்லது சிக்கன் துண்டுகள், உருளைக்கிழங்கு வறுவல் அல்லது பழம், குடிக்க ஏதாவது ஒன்று, கடைசியாக ஒரு பொம்மை. முதல் மூன்றுக்கும் "எது வேண்டும்?" என்று கேட்பார்கள். நான்காவதற்கு மட்டும் பல ஆண்டுகளாகக் கேட்ட கேள்வி வேறு: "பையனுக்கா, பொண்ணுக்கா?" அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, ஏன் போக மறுக்கிறது, கவுண்டரில் நிற்கும் பெற்றோர் என்ன செய்யலாம் என்பவை கீழே.

ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கு இத்தனை பேச்சு எதற்கு?

எண்ணிக்கைக்காக. 2016 ஆகஸ்டில் மெக்டொனால்ட்ஸ் 'ஹேப்பி மீல்' என்ற தன் குழந்தைகள் பெட்டியில் கொடுத்த ஒரு கைப்பட்டையைத் திரும்பப் பெற்றது. குழந்தைகளின் தோலில் எரிச்சல் உண்டாக்கியதுதான் காரணம். அமெரிக்காவில் மட்டும் திரும்பக் கேட்டது சுமார் 2.9 கோடி பட்டைகள். ஒரே ஒரு பருவத்தின், அதாவது ஒரு பொம்மை வரிசை ஓடும் காலத்தின், ஒரே ஒரு பொருள் அது. இந்த அளவுக்குக் குழந்தைகள் கையில் நேரடியாகப் போய்ச் சேரும் பொருட்கள் அதிகம் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பொம்மைக் கடையில் குழந்தை அலமாரியைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, அழுகிறது, பெற்றோர் பேரம் பேசுகிறார்கள். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் குழந்தையின் முடியையும் சட்டையையும் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறார். காரில் உட்கார்ந்தபடியே வாங்கும் வரிசையில் அதுவும் கிடையாது, ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரு பதில்தான்.

தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா?

இல்லை. ஹேப்பி மீல் அமெரிக்கா முழுவதும் வந்தது 1979ல். முதல் பெட்டி சர்க்கஸ் வண்டி வடிவம். உள்ளே போட்டவை அச்சுத்தகடு, கையில் கட்டும் சிறு பணப்பை, பெயர் எழுதும் கைவளையம், அழிரப்பர், பம்பரம் போன்ற சில்லறைச் சாமான்கள். யாருக்கும் எதையும் கொடுக்கலாம். 1987ல் பர்கர், வறுவல் பொட்டலம் போன்றவை மடித்தால் ரோபோவாக மாறும் பொம்மைகள் வந்தன. 1988ல் சிக்கன் துண்டுகளுக்குத் தொப்பியும் உடையும் மாட்டிய பொம்மைகள். அவையும் எல்லாருக்கும் ஒரே வரிசைதான்.

திருப்பம் 1991ல் பார்பியும் ஹாட் வீல்ஸ் காரும் ஒரே நேரத்தில் ஜோடியாக வந்தபோது. பெட்டி ஒன்று, பொம்மை வரிசை இரண்டு. பிறகு அது வழக்கமாகிவிட்டது. 1992ல் கேபேஜ் பேட்ச் பொம்மையும் டோங்கா லாரியும், 1995ல் பாலி பாக்கெட் என்ற சின்னஞ்சிறு பெண் பொம்மைகளும் அட்டாக் பேக் வண்டிகளும், 1996ல் லிட்டில்ஸ்ட் பெட் ஷாப் என்ற செல்லப்பிராணிப் பொம்மைகளும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோக்களும். எந்தப் பக்கம் யாருக்கு என்று பெட்டியில் எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஒன்றுக்கு இரண்டாக ஏன் பிரித்தார்கள்? இரட்டைச் செலவு அல்லவா?

பார்க்க அப்படித் தோன்றும். ஆனால் ஜோடிகளைக் கவனியுங்கள். பார்பியும் ஹாட் வீல்ஸும் மேட்டல் நிறுவனத்துடையவை. பெட் ஷாப்பும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் ஹாஸ்ப்ரோ குடும்பத்துடையவை. உணவுக் கடைக்குப் பேச்சுவார்த்தை ஒரே நிறுவனத்தோடு. பொம்மை நிறுவனத்துக்கோ தன் இரண்டு சரக்குக்கும் ஒரே விளம்பரம். இரண்டு தரப்புக்கும் வசதியான கணக்கு.

கடைக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒரு பருவம் ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். அண்ணனும் தங்கையும் ஒரே வரிசையைச் சேர்த்தால் வீட்டில் ஒரு தொகுப்பு போதும். ஆளுக்கொரு வரிசை என்றால் இரண்டு தொகுப்பு வேண்டும். காரை அண்ணனிடமிருந்து தங்கை வாங்கி விளையாடிவிட்டால் வியாபாரம் பாதி.

கடைசியாக வேகம். எட்டு பொம்மைகளையும் பெயர் சொல்லி விளக்க நேரமில்லாத இடத்தில், பெற்றோர் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி தேவைப்பட்டது. "பையனா, பொண்ணா?" என்பதற்கு எந்தத் தாயும் தயங்கமாட்டாள். அந்தக் கேள்வி நிலைத்ததற்கு வேறு பெரிய தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை.

ஆனால் விற்பனைக் கணக்கே பையன்கள் கார் கேட்கிறார்கள் என்றுதானே காட்டும்?

அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஊழியர் பையன் என்று ஊகிக்கிறார், காரை எடுத்துப் போடுகிறார். ஒரு கார் குறைந்ததாகக் கையிருப்பில் பதிவாகிறது. குழந்தை கேட்டதா, கேட்டிருந்தால் எதைக் கேட்டிருக்கும் என்பது எங்கும் பதிவாவதில்லை. இப்படி ஆயிரக்கணக்கான ஊகங்களைக் கூட்டினால் வருவது குழந்தைகளின் விருப்பம் அல்ல, ஊழியர்களின் ஊகம். அதை வைத்து அடுத்த பருவத்துக்குச் சரக்கு பிரித்தால் அதே எண்ணிக்கைதான் திரும்ப வரும்.

பிரிக்காமல் விட்டால் விற்காது என்பதும் உண்மையில்லை. 1997ல் பீனி பேபி என்ற துணிப் பொம்மைகளின் குட்டி வடிவத்தை எல்லாருக்கும் ஒரே வரிசையாகக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் ஓட வேண்டிய சரக்கு சுமார் இரண்டே வாரத்தில் தீர்ந்தது. வாங்கக் கூடிய கூட்டத்தில் பெரியவர்களே ஏராளம்.

கவுண்டரில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாராவது சோதித்தார்களா?

சோதித்தார்கள், அதுவும் ஒரு பள்ளி மாணவி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2008ல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி மெக்டொனால்ட்ஸின் தலைமை அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். ஊழியர்களுக்கு அப்படிக் கேட்கப் பயிற்சி கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. அவளும் அவள் தந்தையும் பக்கத்துக் கடைகளில் சோதித்துப் பார்த்து, மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஆணையம் அபத்தம் என்று தள்ளிவிட்டது.

2013ல் அவர்களே மறுபடியும் சோதித்தார்கள். இம்முறை 7 முதல் 11 வயதுவரையுள்ள சிறுவர் சிறுமியரே 15 கடைகளுக்குத் தனித்தனியாகப் போய் ஆர்டர் செய்தார்கள். 92.9 சதவீதம் தடவை எதுவும் கேட்காமலேயே, சிறுமிக்கு ஃபேஷன் பொம்மையும் சிறுவனுக்குப் பவர் ரேஞ்சர்ஸும் கைக்கு வந்தன. பிரிக்காத உறையோடு உடனே திரும்பிப் போய் மற்றதைக் கேட்டபோது 42.8 சதவீதக் கடைகள் மாற்றித் தர மறுத்துவிட்டன.

இரண்டாவது எண்தான் கவனிக்கத்தக்கது. முதலாவதை வேகம், பழக்கம் என்று மன்னிக்கலாம். குழந்தை வாய்திறந்து கேட்ட பிறகும் மறுப்பது வேறு. 15 கடை என்பது சிறிய அளவு, ஒரு மாநிலத்தின் ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 2013 டிசம்பரில் நிறுவனத்திலிருந்து எழுத்துமூலம் பதில் வந்தது. பையன் பொம்மை, பெண் பொம்மை என்ற வகைப்பாடு இல்லாமல், வாடிக்கையாளரின் பாலினத்தைக் குறிப்பிடாமல், கேட்ட பொம்மையைக் கொடுப்பதே நோக்கம் என்றும், உள் வழிகாட்டுதல்களைத் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்றும் அதில் இருந்தது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே?

கொள்கை தலைமையகத்தில் இருக்கிறது, கேள்வி ஒலிபெருக்கியில் இருக்கிறது. பெரும்பாலான கடைகள் உரிமம் பெற்ற தனியார் நடத்துபவை. ஊழியர்கள் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருபவர் கையேட்டைப் படித்துக் கற்பதில்லை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கற்கிறார். பில் போடும் திரையில் "பையன்", "பெண்" என்று பொத்தான் இருந்தால் எந்தச் சுற்றறிக்கையும் அதை வெல்லாது. பொத்தான் கேட்பதை வாய் கேட்கும்.

பெற்றோர்களின் பங்கையும் மறைக்க வேண்டாம். "பொண்ணுக்கு ஒண்ணு குடுங்க" என்று தாங்களாகவே சொல்பவர்கள் நிறையப் பேர்.

சரி, நான் எப்படி ஆர்டர் செய்வது?

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் இந்த மாதம் என்ன வரிசை என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். கடைக்குள் போவதானால் கவுண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியிலோ சுவர்த் தட்டியிலோ மாதிரி வைத்திருப்பார்கள். குழந்தை அதைப் பார்த்து முடிவு செய்யட்டும். வரிசையில் நின்ற பிறகு யோசிக்கத் தொடங்கினால் பின்னால் நிற்பவர்களின் அவசரம் உங்கள் குழந்தைக்காக முடிவெடுத்துவிடும்.

ஆர்டர் சொல்லும்போது பொம்மையின் பெயரையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்லுங்கள். "ஒரு ஹேப்பி மீல், ஆப்பிள் துண்டு, பால், கார்." இடைவெளி விட்டால்தான் கேள்வி வரும். வரிசையில் பொருட்களுக்கு எண் இருக்கும், பெரும்பாலும் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். "மூணாம் நம்பர் இருக்கா?" என்று கேட்பது இன்னும் சுலபம். பேசுகிற வயதென்றால் குழந்தையையே சொல்லவிடுங்கள்.

அப்படியும் "பையனா, பொண்ணா?" என்று கேட்டால் விவாதம் வேண்டாம். அங்கே நிற்பவர் மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் இளைஞர், கொள்கையை எழுதியவர் அல்ல. கேள்வியையே மாற்றிப் பதில் சொல்லுங்கள்: "கார்." அவ்வளவுதான்.

காரில் போய் வாங்கும்போது ஜன்னலைவிட்டு நகர்வதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பொம்மை பெட்டியின் அடியில் போயிருக்கும், வறுவலைத் தூக்கினால்தான் தெரியும். தவறான பொம்மை என்பது பெரும்பாலும் நெடுஞ்சாலை ஏறிய பிறகு, பின்சீட்டு அழுகையில்தான் தெரியவருகிறது. செயலியில் ஆர்டர் செய்வதானால் பொம்மையைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இல்லாமல் போகலாம், எடுக்கப் போகும்போது வாயால் சொல்லுங்கள்.

தவறானதைக் கொடுத்துவிட்டார்கள். மாற்ற முடியுமா?

உறையைப் பிரிக்காதீர்கள், பில்லை வைத்திருங்கள், உடனே கேளுங்கள். "இது பொண்ணுங்களோடது, வேற குடுங்க" என்று சொல்லாமல் "இவள் கார் கேட்டாள், மாற்றித் தாருங்கள்" என்று சொல்வது நல்லது. முதல் வாக்கியம் நீங்களே முத்திரை குத்துவது, அதைப் பக்கத்தில் நிற்கும் குழந்தையும் கேட்கிறது. ஊழியர் மறுத்தால் பொறுப்பாளரைக் கேளுங்கள். அந்த வரிசை தீர்ந்துபோயிருந்தால் அது நிஜமான பதில்தான். பருவத்தின் கடைசி வாரத்தில் ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் குவிந்து கிடப்பது சகஜம்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு?

கவுண்டரில் கேட்க வேண்டிய சரியான கேள்வி வயதுதான். அதை அவர்கள் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்க விதிப்படி மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் துண்டோ 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கக் கூடாது. அடங்கினால் தொண்டையில் சிக்கும். வழக்கமான வரிசைப் பொம்மைகளில் சக்கரம், தொப்பி, வாள் என்று கழலும் துண்டுகள் இருப்பதால் அவை மூன்று வயதுக்கு மேல் என்று குறிக்கப்படுகின்றன. பல பருவங்களில் சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரே துண்டாக வார்த்த தனிப் பொம்மை கவுண்டருக்கு அடியில் இருக்கும், கேட்டால்தான் வெளியே வரும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பொம்மை பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வீட்டில் சோதிக்கக் கழிப்பறைக் காகிதச் சுருளின் உள் அட்டைக் குழாய் போதும். அது சோதனை உருளையைவிடச் சற்று அகலம், அதனால் பாதுகாப்பான பக்கமே. அதற்குள் நுழையும் எதையும் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். கழலும் துண்டுகள் மட்டும் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 1999 டிசம்பரில் பர்கர் கிங் 2.5 கோடிக்கும் மேற்பட்ட போகிமான் பந்துகளைத் திரும்பப் பெற்றது. பாதிப் பந்து மூக்கையும் வாயையும் மூடி ஒட்டிக்கொண்டதில் ஒரு குழந்தை இறந்து, இன்னொரு குழந்தை மயிரிழையில் தப்பியபின் வந்த முடிவு அது.

இந்த வயதில் எந்தப் பொம்மையைக் கொடுத்தால் என்ன? ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

சாப்பாட்டுப் பெட்டிப் பொம்மையை மட்டும் வைத்து நீண்டகால விளைவைச் சொல்ல முடியாது. ஆனால் பொம்மையும் முத்திரையும் பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன.

2005ல் பிளேக்மோரும் சென்டர்ஸும் நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைகளைத் தரப்படுத்தினார்கள். பெண் பிள்ளைகளுடையவை என்று கருதப்பட்டவை அழகு, பராமரிப்பு, வீட்டு வேலைத் திறன் ஆகியவற்றோடு சேர்ந்தன. ஆண் பிள்ளைகளுடையவை சண்டை, போட்டி, பரபரப்பு, ஆபத்து ஆகியவற்றோடு. இரண்டு ஓரத்திலும் இருந்த, முத்திரை அழுத்தமாகப் பதிந்த பொம்மைகளைவிட நடுவில் இருந்தவையே குழந்தையின் வளர்ச்சிக்கு அதிகம் உதவுபவை என்று மதிப்பிடப்பட்டன. அதாவது நஷ்டம் ஒரு தரப்புக்கு மட்டும் இல்லை.

கவுண்டர் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1995ல் மார்ட்டின், ஐசன்பட், ரோஸ் மூவரும் செய்தது. குழந்தைகள் முன்பின் பார்த்திராத, கவர்ச்சியான பொம்மைகளை வைத்து, இது மற்ற பாலினத்தவருக்கானது என்று சொன்னார்கள். உடனே ஆர்வம் குறைந்தது. பொம்மை மாறவில்லை, மேலே ஒட்டிய சொல்தான் மாறியது. "இது பையன் பொம்மை, உனக்கு வேணுமா?" என்று ஒரு ஊழியர் நல்ல மனதோடு கேட்டாலும் அதே விளைவுதான் வரக்கூடும்.

2014ல் ஷெர்மனும் சர்பிரிகனும் 4 முதல் 7 வயதுள்ள 37 சிறுமிகளை ஐந்து நிமிடம் விளையாடவிட்டார்கள். சிலருக்குப் பார்பி, சிலருக்கு உருளைக்கிழங்கு அம்மா பொம்மை. பிறகு பெரியவர்கள் பார்க்கும் பத்து வேலைகளைக் காட்டி, உன்னால் எத்தனை முடியும், பையனால் எத்தனை முடியும் என்று கேட்டார்கள். பார்பியோடு விளையாடியவர்கள் பையன்களைவிடத் தங்களுக்குக் குறைவான வேலைகளையே சொன்னார்கள். சிறிய ஆய்வு, ஐந்து நிமிட விளைவு. அதற்கு மேல் இழுத்துப் பேசக் கூடாது.

என் மகள் தானாகவே இளஞ்சிவப்புதான் கேட்கிறாள். இயற்கை என்று ஒன்று இல்லையா?

கேட்பதைக் கொடுங்கள். யாரும் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கச் சொல்லவில்லை.

ஆனால் "பிறவி" என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். 2011ல் லோபுவும் டிலோச்சும் 7 மாதம் முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகள் முன் இரண்டிரண்டு பொருட்களை வைத்துப் பார்த்தார்கள். முதல் வயதில் சிறுவர் சிறுமியரிடையே வித்தியாசம் இல்லை. இரண்டு வயதுக்குப் பிறகுதான் சிறுமிகள் இளஞ்சிவப்பை நாடத் தொடங்கினார்கள், சிறுவர்கள் அதைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். தான் பையனா பெண்ணா என்று புரியத் தொடங்கும் வயது அது. 1918ல் ஓர் அமெரிக்க வியாபாரப் பத்திரிகை இளஞ்சிவப்பு உறுதியான நிறம் என்பதால் ஆண் குழந்தைக்கு, நீலம் மென்மையானது என்பதால் பெண் குழந்தைக்கு என்று அறிவுரை சொன்னது. நூறு வருஷத்தில் தலைகீழாகத் திரும்பக்கூடிய ஒன்றை ரத்தத்தில் ஊறியது என்று சொல்வது கடினம்.

பொம்மைகளும் அப்படியே. சமூகவியலாளர் எலிசபெத் ஸ்வீட், அமெரிக்காவின் சியர்ஸ் என்ற கடையின் பழைய விலைப்பட்டியல் புத்தகங்களை ஆராய்ந்தபோது, 1975 பதிப்பில் பையனுக்கு அல்லது பெண்ணுக்கு என்று வெளிப்படையாக விற்ற பொம்மைகள் 2 சதவீதத்துக்கும் குறைவு. 1984ல் அமெரிக்காவில் குழந்தைகள் தொலைக்காட்சி விளம்பரக் கட்டுப்பாடு தளர்ந்தது. பொம்மையை விற்பதற்கென்றே கார்ட்டூன்கள் வந்தன, ஒவ்வொன்றும் பையனைப் பார்த்தோ பெண்ணைப் பார்த்தோ பேசியது. அந்த அலையில் வந்து சேர்ந்தவைதான் 1991க்குப் பிந்தைய ஜோடிகள்.

மகன் குதிரைக்குட்டிப் பொம்மையைக் கேட்கிறான். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே?

செய்யலாம். லெகோ நிறுவனம் 2021ல் வெளியிட்ட, ஏழு நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், மற்ற பாலினத்தோடு சேர்த்துப் பேசப்படும் பொம்மையை வைத்து விளையாடினால் கேலிக்கு ஆளாவோம் என்று அஞ்சியவர்கள் சிறுவர்களில் 71 சதவீதம், சிறுமிகளில் 42 சதவீதம். கார் கேட்கும் மகளைப் பார்த்துச் சிரித்துப் பாராட்டும் அதே சித்தப்பா, குதிரைக்குட்டி கேட்கும் மகனைப் பார்த்து முகம் சுளிப்பார். கட்டுப்பாடு பையன்கள்மேல்தான் இறுக்கம்.

வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கு எடுத்துப் போகவேண்டுமா, வீட்டிலேயே வைத்திருக்கவா என்பதை அவனே முடிவு செய்யட்டும். கேலி வந்தால் சொல்ல ஒரு வரி முன்கூட்டியே கையில் இருந்தால் போதும்: "எனக்குக் குதிரை பிடிக்கும்." விளக்கம் நீள நீளக் கேலியும் நீளும்.

பையன்களும்தான் மனித உருவப் பொம்மை வைத்து விளையாடுகிறார்களே?

அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்! 1964ல் ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மையைக் கொண்டுவந்தபோது, ஆங்கிலத்தில் பெண் குழந்தைகளின் பொம்மையைக் குறிக்கும் 'டால்' என்ற சொல் ஒட்டிவிடக் கூடாது என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். இந்தச் சொல் விளையாட்டு சுங்கத்துறை வரை போனது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் 'டால்' இறக்குமதிக்கு 12 சதவீத வரி இருந்தது, மற்ற பொம்மைகளுக்கு 6.8 சதவீதம். 2003ல் டாய் பிஸ் நிறுவனத்தின் எக்ஸ்-மென் படக்கதைப் பாத்திர உருவங்கள் மனிதர்களைக் குறிப்பவை அல்ல, ஆகவே 'டால்' அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தமிழில் இந்தத் தொல்லை பாதிதான். மரப்பாச்சியும் பொம்மை, ரயிலும் பொம்மை, துப்பாக்கியும் பொம்மை. ஆங்கிலம் பேசும் ஊரில் வளரும் பிள்ளையிடம் "பொம்மை வேணுமா?" என்று கேட்டால் 'டால்' என்று புரிந்துகொண்டு பையன் வேண்டாம் என்பதுண்டு.

எல்லாருக்கும் ஒரே வரிசை என்று மாற்றிவிட்டால் போதுமா?

பாதிக் கிணறு. ஆஸ்டரும் மேன்ஸ்பாக்கும் 2012ல் டிஸ்னி கடையின் இணையதளத்தை ஆராய்ந்தபோது, இருவருக்கும் பொது என்று போட்டிருந்த பொம்மைகள் பெரும்பாலும் சிறுவர் பொம்மைகளின் நிறத்தையே கொண்டிருந்தன. பொது என்றால் ஆண், பெண் என்றால் தனிப்பிரிவு என்ற பழைய கணக்கு.

திரைப்பட வரிசைகளில் இன்னொன்றைப் பாருங்கள்: எட்டு பொம்மையில் பெண் பாத்திரம் எத்தனை, அவள் கையில் என்ன இருக்கிறது. 2015ல் ஹாஸ்ப்ரோவின் ஸ்டார் வார்ஸ் மோனோபொலி ஆட்டத்தில் கதையின் நாயகி ரேயின் காயே இல்லை. எதிர்ப்பு கிளம்பியபின் 2016 ஜனவரியில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். நாயகியையே மறக்க முடியுமென்றால் தோழிகளைச் சொல்ல வேண்டாம்.

சட்டம் ஏதாவது உண்டா?

சாப்பாட்டுப் பெட்டிப் பொம்மைக்கென்று நேரடியாக எழுதிய பாலினச் சட்டம் கீழ்க்கண்டவற்றில் எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், 500 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் கொண்ட பெரிய பல்பொருள் கடைகள் பொம்மைகளுக்குப் பாலினம் சாராத ஒரு பகுதி வைக்க வேண்டும். முதல் மீறலுக்கு 250 டாலர், அடுத்தவற்றுக்கு 500 டாலர்வரை அபராதம். பர்கர் கடை இதில் வராது. பிரிட்டனில் 2019 ஜூன் முதல், ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று தீங்கு விளைவிக்கும் பாலின வார்ப்புகளை விளம்பரங்களில் காட்டத் தடை. ஸ்பெயினில் 2022 டிசம்பர் முதல் பொம்மை விளம்பரங்களுக்கு ஒழுங்குமுறை. இரண்டும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்துபவை, கவுண்டரில் பேசுவதை அல்ல.

நான் ஒரு கிளைக்குப் பொறுப்பாளர். எதை மாற்றினால் பலன் தெரியும்?

திரையில் உள்ள பொத்தானின் பெயர். அதை முதலில் மாற்றுங்கள். "கார்", "குதிரை" என்று பொருளின் பெயரையே போடுங்கள், பருவத்துக்குப் பருவம் புதுப்பியுங்கள். உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் திரை ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: இந்த மாதம் இடது பொத்தான் கார், வலது பொத்தான் குதிரை. பேச வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "காரா, குதிரையா?" பழைய கேள்வியைவிட இது ஓர் அசைகூட நீளமில்லை, வரிசை தாமதமாகும் என்ற சாக்கு நிற்காது.

மாதிரிப் பெட்டியைக் குழந்தையின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டருக்கு, இறக்குங்கள். இரண்டு வரிசையையும் கலந்து வையுங்கள். நீலத்தட்டு ஒரு பக்கம், இளஞ்சிவப்புத் தட்டு மறுபக்கம் என்றால் ஊழியர் பேசாததைத் தட்டு பேசிவிடும். உறை பிரிக்காத பொம்மையைக் கேள்வியின்றி மாற்றித் தர எல்லா ஊழியருக்கும் அனுமதி கொடுங்கள். சரக்கு கேட்கும்போது பழைய பாதிக்குப் பாதி கணக்கைத் தூக்கிப்போட்டு, வாயால் கேட்டதை இரண்டு வாரம் குறித்துவைத்து அதன்படி கேளுங்கள்.

புகார் எழுதுவதென்றால்?

கிளையின் முகவரி, தேதி, நேரம், பில் எண், கேட்ட பொம்மை, கொடுத்த பொம்மை, மாற்றக் கேட்டபோது சொன்ன சொற்கள். அரைப்பக்கம் போதும். ஊழியரின் பெயரை எழுதாதீர்கள், தண்டனை அவருக்குப் போய் பொத்தான் அப்படியே இருக்கும். கடைசி வரியில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: பொம்மையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிறந்தநாள் விழா ரிட்டர்ன் கிஃப்டிலும் இதே கதைதானே?

அதேதான், இம்முறை கவுண்டருக்குப் பின்னால் நிற்பது நாம். நீலப் பை பத்து, இளஞ்சிவப்புப் பை பத்து என்று கட்டி, வாசலில் நின்று ஆள் பார்த்துக் கொடுக்கிறோம். இருபது பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருந்தால் ஒரே மாதிரி பை இருபத்துநான்கு கட்டுங்கள், கூட வரும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து. பம்பரம், வண்ணக் கட்டிகள், உருப்பெருக்கிக் கண்ணாடி, விதைப் பொட்டலம் எதுவும் பொருந்தும். இரண்டு வகைதான் வேண்டுமென்றால் மேஜையில் பரப்பி வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வகைக்கு நான்கைந்து கூடுதலாக வையுங்கள். பாதிக்குப் பாதி வாங்கிவைத்தால் கடைசியில் வரும் பிள்ளைக்குத் தேர்வு இருக்காது.